இழுக்காத வண்டி

ஆமத்தூருக்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன மேட்டை ஏற்றம் என்று சொன்னால் மாட்டுவண்டிக்காரன்கூடச் சிரிப்பான். அதில் போய் முனியராஜின் பிக்கப் நின்றது. அணைந்து நின்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே, அடி நகராமல், பின்னால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் அங்கேயே படுத்துவிட்டது. பின்னால் வந்த மினிபஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்து, தாண்டும்போது தலையை நீட்டி, "எறங்கித் தள்ளுங்கண்ணே, புண்ணியமாப் போவும்" என்றான். இரண்டாயிரத்து ஆறு, ஆவணி மாதம். தீபாவளிக்குப் பட்டாசு கிளம்புகிற காலம். அந்த நேரத்தில் லோடு வண்டி நடுரோட்டில் நிற்பதைப் போல ஒரு கேவலம் சிவகாசிப் பக்கத்தில் வேறு கிடையாது.

முனியராஜ் விஸ்வநத்தத்துக்காரன். பட்டாசு ஆலையில் கூலியாக இருந்து, பிறகு அடுத்தவன் வண்டிக்கு டிரைவராக இருந்து, நாற்பது வயதுக்குப் பக்கத்தில்தான் சொந்தமாக ஒரு பழைய வண்டி என்று ஆனவன். அந்த வருஷம் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. சங்கரபாண்டியன் என்கிற பட்டாசு முதலாளி அவனைக் கூப்பிட்டு, ஆலையிலிருந்து விருதுநகர் லாரி செட்டுக்குப் பெட்டி கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தார். "இந்த சீசன் பூரா ஒரு கொறை இல்லாம ஓட்டிக் காட்டு. பெறகு உன் வண்டிதான் கம்பெனி வண்டி" என்றார். வருஷம் முழுக்க நிற்காத வேலை. இனி ஒருவன் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். அதை நினைத்தாலே முனியராஜுக்கு நெஞ்சு நிமிரும். வண்டிதான் நிமிர மாட்டேன் என்றது.

ஆமத்தூரில் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, நொண்டி நொண்டி விருதுநகர் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளுக்காகக் காத்திருந்த லாரி கிளம்பிப் போயிருந்தது. ஆலை மேனேஜர் சீனிவாசகம் நல்ல மனுஷன்தான். ஆனாலும் அன்றைக்கு ஆலைக்குத் திரும்பியவனிடம் முகம் பார்த்துப் பேசவில்லை.

"இன்னொரு தடவ ரோட்டுல நின்னுச்சுன்னா அதோட சரி, முனியராஜ். மொதலாளி வேற வண்டி பாக்கச் சொல்லிட்டாரு. நான் சொல்லிச் சொல்லித்தான் நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார்.

முனியராஜ் நேராக வண்டியை ஒச்சப்பன் பட்டறைக்கு விட்டான். வேறு எங்கே விடுவான்? ஒச்சப்பன் அவன் மனைவி மாரிசெல்வியின் அண்ணன். சிவகாசியில் டீசல் வண்டி பார்க்கிற மெக்கானிக். இந்த பிக்கப்பைத் தேடிப் பிடித்து, இன்ஜின் சத்தம் கேட்டு, "எடுங்க மாப்ள, ராசியான வண்டி" என்று சொன்னதே அவன்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற பழக்கம். மச்சான் கை வைத்தால் வண்டி பேசும் என்று முனியராஜ் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

மச்சானும் சும்மா இருக்கவில்லை. ஆடி மாதம் முதல்முதலில் சூடானபோது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று கழற்றிக் கழுவினான். அடுத்து, தண்ணீர் சுற்றவில்லை என்று வால்வை எடுத்தான். ஃபேன் பெல்ட்டை மாற்றினான். டீசல் வருவது போதவில்லை என்று ஃபில்ட்டரை மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு காலி வண்டி குதிரை மாதிரி ஓடும். பெட்டியை ஏற்றினால் பழையபடி மூச்சு வாங்கும். ஒருமுறை ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போய் முனியராஜின் முன்கையில் கொதிநீர் அடித்துத் தோல் உரிந்துவிட்டது. மாரிசெல்விதான் தினமும் மருந்து தடவினாள். "பாத்துச் செய்யப்படாதா, பச்சப்புள்ளையா நீங்க" என்று திட்டிக்கொண்டே ஊதி ஊதித் தடவினாள்.

இந்தத் தடவை ஒச்சப்பன் பெருமூச்சு விட்டு, "ஹெட்டக் கழட்டிப் பாத்துருவோம் மாப்ள. கேஸ்கட்டு போயிருக்கும்" என்றான். இரண்டு பேருமாக நாள் முழுக்க உட்கார்ந்து இன்ஜின் தலையைக் கழற்றினார்கள். இன்ஜினுக்கும் தலைக்கும் நடுவே கிடக்கிற கேஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான் முனியராஜ். எங்கேயும் கருகவில்லை, கிழியவில்லை.

"நல்லாத்தான இருக்கு மச்சான்?"

"கண்ணுக்குத் தெரியாது மாப்ள" என்றான் ஒச்சப்பன், தலையைத் தூக்காமலே. "நூலு மாதிரி வெடிச்சிருக்கும்."

"காலியாப் போனா ஓடுது. லோடுன்னா படுக்குது. அதுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது."

"வண்டிக்கு வயசாயிருச்சு. நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீக. இந்தப் பட்டாசு லோட விட்டுருங்க. விருதுநகர்ல மிளகா மூட்டை, மல்லி மூட்டைன்னு எம்புட்டு லோடு கெடக்கு. அவசரம் இல்ல, ஆபத்து இல்ல. வண்டியும் தாங்கும்."

முனியராஜ் சிரித்தான். வீட்டில் தங்கச்சி பாடுகிற பாட்டையே இங்கே அண்ணனும் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். மாரிசெல்வி பல மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் பட்டாசு ஆலையில்தான் வேலை பார்க்கிறாள், கம்பி மத்தாப்புப் பிரிவில். போன வருஷம் முனியராஜின் கூட்டாளி பெத்தணன், லோடு வண்டி டிரைவர், பெட்டி இறக்குகிற இடத்தில் வண்டியோடு எரிந்துபோனான். மிஞ்சியதை ஒரு துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த நாள் முதல் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. "பட்டாசு மட்டும் வேண்டாங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். "ஆலைக்குள்ள உக்காந்து மருந்து முக்குறவ நீ. வெளிய வண்டி ஓட்டுற எனக்கா ஆபத்து?" என்று சிரித்தே அவள் வாயை அடைத்துவிட்டான். ஆடி பிறந்ததும் அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஒரு வழியாகப் புரிந்துகொண்டாள் என்று இவனும் நிம்மதியானான். என்ன மனுஷன் பாருங்கள்.

புதுக் கேஸ்கட்டுடன் ஆலைக்குப் போனான். வாசலில் காவலுக்கு இருக்கிற வேலுச்சாமி வழக்கம்போலக் குனிந்து, சைலன்சர் முனையில் இருந்த அரெஸ்டரைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டி, "இருக்கு, போ" என்று கதவைத் திறந்தார். பட்டாசு ஏற்றுகிற வண்டிக்கு அது இல்லாமல் ஆலைக்குள் நுழைய முடியாது. புகையோடு தீப்பொறி வெளியே வந்துவிடாமல் பிடித்து நிறுத்துகிற இரும்புக் குப்பி அது, உள்ளே சல்லடை இருக்கும். பெத்தணன் செத்த பிறகு இந்தக் கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. வண்டியில் எதைக் கழற்றினாலும் கழற்றுவார்கள், அதை மட்டும் ஒருவனும் தொடமாட்டான். சாமி காரியம் மாதிரி. முனியராஜ் வண்டியில் இருப்பது ஒச்சப்பன் தன் கையாலேயே செய்து கொடுத்தது. "கடையில விக்கிறது வெறும் தகரம் மாப்ள, நான் நல்ல கனத்துல செஞ்சு தாரேன்" என்று ஆடி மாதம் பிறந்த வாக்கில் மாட்டிவிட்டான்.

பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, முனியராஜ் கிளம்பினான். உச்சி வெயில். திருத்தங்கல் தாண்டியபோதே ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நத்தை நடை நடந்தது. முள் மெல்ல மெல்ல ஏறியது. முனியராஜுக்கு அழுகை வந்துவிட்டது. இன்ஜின் தலையையே கழற்றி மாட்டியாகிவிட்டது, இனி எதைக் கழற்றுவது? ஆனைக்குட்டம் ரோடு பிரிகிற விலக்கை நெருங்கும்போது ஒரு வாடை அடித்தது. டீசல் வாடை இல்லை, ரேடியேட்டர் வாடையும் இல்லை. மரம் கருகுகிற வாடை.

பின்னால் ஒரு வண்டி நிறையப் பட்டாசு. முனியராஜ் ரோட்டை விட்டு இறக்கி, இன்ஜினை அணைத்து, குதித்து ஓடினான். ஓடிப் போய்த் தப்பித்துக்கொள்ளத்தான் கால் சொன்னது. பத்தடி போய் என்ன நினைத்தானோ, திரும்பி வந்து தார்ப்பாயை அவிழ்த்தான். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கருவேல மரத்து நிழலுக்குக் கொண்டுபோனான். முருகா முருகா என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அடிவரிசைப் பெட்டி ஒன்றைத் தூக்கினால், அதன் அடி அட்டை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. அது இருந்த இடத்தில் வண்டியின் தளப்பலகை கையகலத்துக்குக் கருகி, லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர் கேனை அப்படியே பலகையில் கவிழ்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எழுந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பலகைக்குக் கீழே ஓடுகிற சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்து கிடந்தது. குழாய் இப்படிக் காய்கிறது என்றால் புகை வெளியே போகவில்லை என்று அர்த்தம். இது தோன்ற ஒரு பெரிய மெக்கானிக் வேண்டியதில்லை, அடுப்பு ஊதுகிற எவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை நாளும் தண்ணீரையும் டீசலையும் பார்த்தார்களே தவிர, புகையைப் பார்க்கவில்லை. பெட்டிகள் தள்ளிப் பத்திரமாக இருந்ததால் துணிந்து இன்ஜினைப் போட்டுவிட்டு வந்து, அரெஸ்டர் வாயில் கையைக் காட்டினான். சாகக் கிடக்கிறவன் மூச்சு மாதிரி ஏதோ வந்தது. அணைத்து, ஆறவிட்டு, போல்ட்டை நெம்பி அரெஸ்டரைக் கழற்றினான். மறுபடி இன்ஜினைப் போட்டதும் வண்டி ஒரு உறுமல் உறுமியது பாருங்கள், வாங்கின புதிதில் கேட்ட அதே சத்தம்.

அரெஸ்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். சல்லடை சுத்தமாக இருந்தது. அதற்கு உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஒரு இரும்புத் தகடு நின்றது. தகட்டில் சுண்டுவிரல் நுழையாத நான்கைந்து துளைகள். அவையும் கரி படிந்து பாதி தூர்ந்திருந்தன. சுத்தியலால் தட்டியதும் தகடு பற்றவைத்த இடம் விட்டு விழுந்தது.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். மச்சான் ஏதோ கூடுதல் பாதுகாப்புக்கு வைத்திருப்பான், கரி அடைத்துவிட்டது, அதை மறந்தும் போயிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வைத்தான். பிறகு வெறும் சல்லடையோடு அரெஸ்டரைத் திரும்ப மாட்டி, குழாயும் பலகையும் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, கருகின பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை ஏற்றினான். ஆமத்தூர் மேட்டை மூன்றாவது கியரில் தாண்டினான். லாரி கிளம்புவதற்குள் பெட்டிகள் ஏறிவிட்டன. சீனிவாசகம் போனிலேயே சிரித்தார். "வண்டி சரியாயிருச்சாக்கும். நாளைக்கும் வந்துரு. மொதலாளிட்ட நான் சொல்லிர்றேன்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முடியாமல் பட்டறைக்கு வந்தான். ஒச்சப்பன் ஒரு லாரியின் அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முனியராஜ் தகட்டை மேஜைமேல் வைத்தான், அவ்வளவுதான். இது எப்படி மச்சான் உள்ளே வந்தது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தான்.

அதற்குள் ஒச்சப்பன் கேட்டுவிட்டான்: "மாரி சொல்லிட்டாளா மாப்ள?"

முனியராஜுக்கு முதலில் அது விளங்கவே இல்லை. மாரி என்ன சொல்வாள்? மாரிக்கும் இந்தத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம்? விளங்கியபோது தகட்டைத் திரும்பக் கையில் எடுத்தான்.

"அழுதா மாப்ள" என்றான் ஒச்சப்பன். முகம் செத்துப்போயிருந்தது. "எந்தங்கச்சி வந்து இந்த எடத்துல உக்காந்து அழுதா. வண்டி இழுக்கலைன்னா மொதலாளியே வேண்டாம்னுருவாரு, எம்புருசன் உசுரோட இருப்பாருன்னா. நான் என்ன செய்யட்டும்? கொஞ்சம் இழுவை கொறையும், அம்புட்டுத்தான்னு நெனச்சேன். இப்படிச் சூடாகும்னு நெனைக்கல."

"சூடானது தெரிஞ்ச பெறகு?"

"அதான் ரேடியேட்டரக் கழுவுனேன், வால்வ எடுத்தேன். எப்படியாச்சும் சூட்டக் கொறச்சிரலாம்னு பாத்தேன். உங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"ஹெட்டக் கழட்டுனமே மச்சான். நாள் பூரா. ஒண்ணாத்தான உக்காந்து சாப்பிட்டோம்."

ஒச்சப்பன் அடி விழும் என்று எதிர்பார்த்த மாதிரி நின்றான். முனியராஜ் அடிக்கவில்லை. எதிரி செய்திருந்தால் அடித்திருப்பான். கூட இருந்தே குழி பறித்து, அந்தக் குழியைத் தேட இவனையும் கூட்டிக்கொண்டு ஸ்பேனரோடு சுற்றியவனை என்ன செய்ய முடியும்? தகட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மாரிசெல்வி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கையிலும் கழுத்திலும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கியது. "வந்துட்டீகளா, கைப்புண்ணு எப்படியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்விதான் அவனைக் கொன்றது. வண்டியின் பின்கதவை இறக்கி, தார்ப்பாயை விலக்கி, கருகின பலகையைக் காட்டி, "தொட்டுப் பாரு" என்றான்.

அவள் தொட்டாள். வெள்ளிப் பூச்சு பூத்த விரல் கருப்பாகிவிட்டது.

"என்னதுங்க இது?"

"நீ உங்கண்ணங்கிட்ட அழுது வாங்குனது."

அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேறியிருக்கும். "ஆமா, நாந்தான் கேட்டேன்" என்றாள். "அண்ணன் ஒண்ணும் ஆகாதுன்னான். வண்டி நிக்கும், லோடு போயிரும், அம்புட்டுத்தான்னான்."

"பொட்டி அடி கருகிப்போச்சு, மாரி. பலகை புகையுது. இன்னுங் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா, பெத்தணன் வீட்டுக்கு ஒரு துணி முடிச்சு வந்துச்சுல்ல, உனக்கு அதுகூட வந்திருக்காது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எதற்குப் பயந்து அண்ணன் காலில் போய் விழுந்தாளோ, அதையே தன் கையால் அவன் முதுகுக்குப் பின்னால் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அது அவளுக்கு விளங்குவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பாவம் என்று தோன்றியது. தூக்கிவிடக் கை நீளவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே. "எத்தன தடவ சொன்னேன். நீங்க சிரிச்சீக."

அது உண்மைதான். ஆனால் உண்மை என்பதால் நெஞ்செரிச்சல் குறைந்துவிடுமா என்ன? தினமும் புண்ணில் மருந்து தடவியவள் இவள். அந்தக் கொதிநீர் எதனால் கொதித்தது என்று தெரிந்தே ஊதி ஊதித் தடவியிருக்கிறாள். ஊரில் எவன் ஏமாற்றினாலும் வீட்டுக்கு வந்து சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இதை எங்கே போய்ச் சொல்வது? அவள் அண்ணனிடமா? மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்ட அந்த ஒரு ஆளும் போய்விட்டான்.

மறுநாள் காலையில் எழுந்து முனியராஜ் புதுப் பலகை வாங்கிக் கருகின இடத்தில் அடித்தான், குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் தகரம் கொடுத்தான். கம்பெனியிலிருந்து சீனிவாசகம் போன் பண்ணினார். சீசன் நெருக்கடியில் வேறு வண்டி அமையவில்லையாம், சீசன் முடியக் காத்திராமல் முதலாளி இப்போதே சம்மதித்துவிட்டாராம், இனி அவன் வண்டிதான் கம்பெனி வண்டி. "சரிங்கய்யா" என்று வைத்தான். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட வேண்டிய இரண்டு பேரும் அதைக் கெடுக்கப் பார்த்தவர்கள்.

வண்டியில் ஏறப் போனபோது மாரிசெல்வி சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து நீட்டினாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணன் மேல கோவம்னா இருக்கட்டும். சோத்துமேல வேண்டாம். இனி நான் போகாதீகன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

முனியராஜ் கேரியரைப் பார்த்தான். வாங்கத்தான் கையை நீட்டினான். சத்தியமாக அவன் அப்படிக் கேட்க நினைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"இதுல என்ன போட்டிருக்க?"

முதலில் அவளுக்கும் புரியவில்லை. சோறு, புளிக்குழம்பு என்று சொல்ல வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வண்டிப் படியில் கேரியரை வைத்துக் கொக்கியை விலக்கினாள். சோற்றில் ஒரு வாய், குழம்பில் ஒரு வாய், பொரியலில் ஒரு வாய் என்று ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் அள்ளி, அவன் கண்ணுக்கு முன்னால் நின்று தின்றாள். அவசரப்படாமல் மென்று விழுங்கினாள். அவன் நிறுத்து என்று சொல்லவில்லை. கடைசி அடுக்குவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.